நேர்முக அழைப்பு வந்த வழிகள்: சென்னை மாகாணத்தில் வேலை தேடியதன் வரலாறு

அரசுப் பணிகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பதவியில் அமர்ந்தவர்களின் வரலாற்றையே எழுதியுள்ளனர். தேர்வில் தேறியவர், நியமன ஆணை பெற்றவர், படிப்படியாக உயர்ந்தவர் ஆகியோரைப் பற்றிய குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று அறிந்து, உரிய அதிகாரியின் பார்வைக்குத் தம் பெயரைக் கொண்டு சேர்ப்பதற்காக ஒருவர் பட்ட பாடுகள் பற்றிய செய்திகள் தன்வரலாறுகளிலும் கடிதங்களிலும் சட்ட வழக்குகளிலும் சிதறிக் கிடக்கின்றன. தகுதியைச் சோதிக்கும் அறையில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது ஒன்று. அந்த அறைக்கு அவர் அழைக்கப்படுகிறாரா என்பது வேறொன்று. வேலை தேடுவோரில் மிகப் பெரும்பான்மையினர் தோற்றது இரண்டாவதில்தான். சென்னை மாகாணத்திலும் பின்னர் தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இந்த அழைப்பு எவ்வெவ்வழிகளில் வந்தது என்று பார்த்தால், விண்ணப்பத்தை முதலில் வாசிப்பவர் யாரோ அவரை அறிந்து எழுதியவருக்கே அழைப்பு வந்திருப்பதும், அந்த வாசகர் மாறும்போதெல்லாம் வேலை தேடும் முறையும் அடியோடு மாறியிருப்பதும் புலப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாவட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நாடிய வேலை பெரும்பாலும் கச்சேரி வேலையாகவே இருந்தது. கலெக்டரும் தாசில்தாரும் அமர்ந்து வரி, கணக்கு, வழக்கு ஆகியவற்றைக் கவனித்த அலுவலகத்துக்கு அக்காலத்தில் கச்சேரி என்று பெயர். அங்கே சம்பளமின்றி ஓர் ஓரத்தில் அமர்ந்து, மூத்த எழுத்தர்கள் கொடுக்கும் தாள்களைப் படியெடுத்து, கணக்கைக் கூட்டிச் சரிபார்த்து, என்றாவது ஓர் இடம் காலியாகும் என்ற நம்பிக்கையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உமேதுவார்கள் எனப்பட்டனர். விளம்பரம் இல்லை, தேர்வு இல்லை, நேர்முகம் என்று தனியாக எதுவும் இல்லை. அன்றாடம் கண்ணில் படுவதே விண்ணப்பம், அன்றாடம் பார்க்கும் வேலையே சோதனை. இந்த ஏற்பாடு வேலை தெரிந்தவரை அடையாளம் காண நல்லதொரு வழிதான் என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் சம்பளமில்லாமல் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவதற்கு வீட்டில் வசதி இருந்தவரும், கச்சேரிக்குள் தன்னை அமர்த்திக்கொள்ள ஓர் உறவினரை உடையவரும் மட்டுமே உமேதுவார் ஆக முடிந்தது என்பதையும் அந்த வாதத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் மையத்தில் இருந்தவர் சிரஸ்தார், அதாவது கலெக்டர் அலுவலகத்தின் தலைமை உள்நாட்டு அலுவலர். கலெக்டர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். மாவட்டத்தின் மொழியில் எழுதப்பட்ட ஒரு மனுவைத் தாமே படித்து முடிவெடுக்கும் திறன் பலருக்கு இல்லை. சென்னையில் 1812-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எல்லிஸ் முன்னின்று நிறுவிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இளம் அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பித்தது என்றாலும், கற்றது கச்சேரியின் அன்றாடத்துக்கு எட்டவில்லை. ஆகவே கலெக்டர் பெயருக்கு எழுதப்பட்ட மனுவை உண்மையில் வாசித்தவர் சிரஸ்தாரே. பல மாவட்டங்களில் வருவாய்க் கணக்குகள் மராத்தியில் எழுதப்பட்டுவந்ததால் அம்மொழியை அறிந்த தேசஸ்தப் பிராமணக் குடும்பங்கள் இந்தப் பதவிகளில் வேரூன்றியிருந்தன. ஒரே குடும்பத்தின் கிளைகள் ஒரு மாவட்டக் கச்சேரி முழுவதும் பரவுவதைக் கண்டு கலங்கிய வருவாய் வாரியம் 1854-இல் ஒரு நிலையாணை பிறப்பித்து, மாவட்டத்தின் முக்கியப் பதவிகளைப் பல சாதியாருக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று கலெக்டர்களுக்கு அறிவுறுத்தியது. அந்த ஆணை கச்சேரிகளை உடனே மாற்றிவிடவில்லை. எனினும், பதவிக்கு ஆள் எடுப்பதில் தகுதிக்கு முன்பாகவே உறவு வந்து நின்றுவிடுகிறது என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணம் என்ற வகையில் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

அதே காலத்தில் வேறொரு வாசல் திறந்துகொண்டிருந்தது. ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை தரப்படும் என்று தலைமை ஆளுநர் ஹார்டிஞ்சு 1844-இல் அறிவித்தார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. மேலதிகாரிகளுக்கான உடன்படிக்கைப் பணிக்கு, அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு சேர்ந்த வெள்ளையர் வகித்த பணிக்கு, இலண்டனில் 1855 முதல் போட்டித் தேர்வு நடக்கத் தொடங்கியதும், உடன்படிக்கையில்லாத உள்நாட்டுப் பணிகளுக்கும் சென்னையில் தேர்வுகள் வந்தன. தேர்வு என்பது முகம் தெரியாதவரின் தாளை முகம் தெரியாதவர் திருத்துவது. உமேதுவார் முறைக்கு நேரெதிரானது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, பின்பு முன்சீபாக அமர்ந்தது இந்தப் பழையதும் புதியதும் கலந்த காலத்தில்தான். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயரின் வாழ்க்கையில் இரண்டு வாசல்களும் அடுத்தடுத்துத் தெரிகின்றன: 1832-இல் தஞ்சை மாவட்டத்தில் ஏழ்மையில் பிறந்த அவர், மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கருக்கு உதவியாளராக இருந்தபோது தாசில்தார் ஒருவரின் கண்ணில் பட்டார், அந்தத் தாசில்தாரின் உதவியால் சென்னைக்குப் படிக்கச் சென்று, அதன்பின் தேர்வுகளாலும் கட்டுரைப் பரிசாலும் முன்னேறினார். தேர்வு அவரை உயர்த்தியது என்பது உண்மை. தேர்வு நடக்கும் ஊருக்கு அவரை அனுப்பிவைத்தது ஒரு தனிமனிதரின் கவனம் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

தேர்வும் பட்டமும் பெருகிய பின்னரும் சிபாரிசு ஒழிந்துபோகவில்லை. அது எழுத்து வடிவம் பெற்றது. நற்சாட்சிப் பத்திரம் எனப்பட்ட அந்தத் தாள், ஒருவரின் அறிவையும் ஒழுக்கத்தையும் நன்கறிந்த பெரியவர் ஒருவர் கையெழுத்திட்டுத் தருவது. அதன் மதிப்பு முழுவதும் கையெழுத்திட்டவரின் மதிப்பே. இது எவ்வாறு இயங்கியது என்பதற்கு உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1880-இல் தமிழாசிரியரான நிகழ்ச்சியைவிடத் தெளிவான சான்று தமிழில் கிடைப்பது அரிது. அதை அவரே தம் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெற விரும்பியபோது, தமக்குப் பின் அந்த இடத்துக்கு வர வேண்டியவர், தம்மைப் போலவே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட இளையவரான சாமிநாதையரே என்று முடிவுசெய்து, தாமே முயற்சியெடுத்தார். காலியிடம் ஒன்று வெளியே தெரியவருமுன்பே, அதை விட்டுச் செல்பவரின் வாயிலாகச் செய்தி வந்தது. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் நற்சாட்சிப் பத்திரம் அளித்தார். பின்னர் கல்லூரியின் ஆசிரியர்கள் முன்னிலையில் பாடல்களைச் சொல்லிப் பொருள் விளக்கிக் காட்டும் சோதனையும் நடந்தது. மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் அவர் அமர்ந்தார்.

இந்த நிகழ்ச்சியைக் குருகுல அன்பின் கதையாக மட்டும் படிப்பவர்கள் அதிலுள்ள ஒழுங்கைக் கவனிப்பதில்லை. கல்லூரியை நடத்தியவர்கள் ஆங்கிலம் கற்றவர்கள்; ஒருவரின் தமிழ்ப் புலமையை அளந்து பார்க்கும் கருவி அவர்களில் பலரிடம் இல்லை. ஆகவே மூன்று வகைச் சான்றுகள் அவர்கள் முன் வைக்கப்பட்டன: அந்த வேலையையே பார்த்துவந்தவரின் வாய்மொழி, கல்வியைப் புரக்கும் ஒரு நிறுவனத்தின் தலைவரது எழுத்து, கண்ணெதிரே செய்துகாட்டிய திறமை. ஒன்று மற்றொன்றின் குறையை நிரப்பியது. சாமிநாதையர் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அவரது புலமையே காரணம் என்பதில் ஐயமில்லை. அந்தப் புலமை சோதிக்கப்படும் நிலைக்கு வந்ததற்குச் செட்டியாரின் ஏற்பாடே காரணம்.

அதே கும்பகோணம் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையுடன் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் அதை இழந்த கணித மேதை இராமானுசனின் வேலை தேடல் இன்னும் நெருங்கிப் பார்க்கத்தக்கது. பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில், அதாவது பட்டப்படிப்பின் முதலிரண்டு ஆண்டுகளுக்குப் பின் எழுத வேண்டிய தேர்வில், அவர் தேறவில்லை. 1909-இல் திருமணமானபின் வேலை தேவைப்பட்டது. அக்காலத்து அலுவலகம் ஒன்று விண்ணப்பத் தாளில் முதலில் பார்க்கும் இடத்தில், தேறாதவர் என்ற சொல் நின்றது. வழக்கமான வழியில், கட்டுக்கட்டாக வரும் மனுக்களில் ஒன்றாகத் தம் மனுவும் போய்ச் சேர்ந்தால் அது படிக்கப்படாமலேயே ஒதுக்கப்படும் என்பதை அவர் உணர்ந்திருந்தாரோ இல்லையோ, அவர் நடந்துகொண்ட முறை அதை உணர்ந்தவருடையதாகவே இருக்கிறது.

அவர் 1910-இல் திருக்கோவிலூருக்குச் சென்று துணைக் கலெக்டர் இராமசாமி ஐயரைக் கண்டு, தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை கேட்டார். அந்த ஐயர் வெறும் வருவாய்த் துறை அதிகாரி அல்லர்; 1907-இல் இந்தியக் கணிதக் கழகம் உருவாகக் காரணமானவர். இராமானுசன் கையில் கொண்டுபோனது சான்றிதழ் அன்று, கணிதக் குறிப்பேடு. அதைப் புரட்டிப் பார்த்த ஐயர், இப்படிப்பட்டவரைத் தாலுகா அலுவலகத்தின் கடைசிப் படியில் அடைத்துவைக்க மனமின்றி, வேலை தருவதற்குப் பதிலாகச் சென்னையிலிருந்த கணித அறிஞர்களுக்குக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். அந்த வரிசையில் மாநிலக் கல்லூரியின் சேஷு ஐயரும், அவர் வழியாக நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவும் வந்தனர். ராவ் சிறிது காலம் மாதம் 25 ரூபாய் தந்து உதவினார். 1911-இல் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுசனின் முதல் கட்டுரை வெளிவந்தது. அதாவது, பட்டம் இல்லாதவருக்கு அச்சேறிய சான்று ஒன்று கிடைத்துவிட்டது.

1912-இன் தொடக்கத்தில் கணக்காயர் அலுவலகத்தில் மாதம் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள் தற்காலிக வேலை பார்த்துவந்தபோது, பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு அவர் எழுதிய விண்ணப்பம் இன்றும் கிடைக்கிறது. மிகச் சுருக்கமான கடிதம் அது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரை படித்ததையும், சில இடையூறுகளால் படிப்பு நின்றதையும், அதன்பின் காலம் முழுவதையும் கணிதத்துக்கே செலவிட்டதையும் மறைக்காமல் சொல்லி, வேலையைத் திருப்திகரமாகச் செய்ய முடியும் என்ற உறுதியோடு முடிகிறது. குறையை அவர் ஒளிக்கவில்லை, அதற்காக இரங்குமாறு வேண்டவுமில்லை. உடன் இணைத்தது மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த பரிந்துரை. எல்லாவற்றுக்கும் மேலாக, விண்ணப்பம் சென்று சேர்ந்த அலுவலகத்தில் கணக்குப் பிரிவின் தலைமையில் இருந்த நாராயண ஐயரும் கணிதக் கழகத்தைச் சேர்ந்தவர். மார்ச் 1 அன்று 30 ரூபாய்ச் சம்பளத்தில் இராமானுசன் எழுத்தரானார்.

அவர் அடுத்துச் செய்ததும் ஒருவகையில் வேலை தேடலே. கேம்பிரிட்ஜின் கணிதப் பேராசிரியர்களான பேக்கருக்கும் ஆப்சனுக்கும் எழுதிப் பயன் கிட்டாதபின், 1913 ஜனவரி 16 அன்று அங்கேயே இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். துறைமுக அலுவலகத்தில் ஆண்டுக்கு இருபது பவுன் சம்பளம் பெறும் எழுத்தர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட அந்தக் கடிதத்தின் பெரும்பகுதி கணிதத் தேற்றங்களே. அறிமுகமில்லாதவருக்கு எழுதப்படும் கடிதம் பெரும்பாலும் குப்பைக்குப் போகும் என்பதற்கு முதலிருவரும், வாசிக்கத் தெரிந்த ஒருவர் கையில் சேர்ந்தால் அதே கடிதம் என்ன செய்யும் என்பதற்கு ஹார்டியும் சான்றாக நிற்கின்றனர். மேதை கண்டெடுக்கப்பட்டார் என்று முடித்துவிடும் வாழ்க்கை வரலாறுகள், மேதை மூன்று ஆண்டுகளாக யார் யாரிடம் தம் ஏட்டைக் காட்டுவது என்பதில் காட்டிய விடாப்பிடியைக் குறைத்தே சொல்கின்றன.

ஆனால் இராமானுசனுக்கும் சாமிநாதையருக்கும் திறந்த வழி மற்றவர்களுக்குத் திறக்கவில்லை என்பதை மறக்கலாகாது. கடிதம் கொடுத்து அனுப்பக்கூடிய துணைக் கலெக்டரும் பேராசிரியரும் பெரும்பாலும் ஒரே சமூகத்தவராக இருந்த மாகாணத்தில், அறிமுகத்தால் வரும் அழைப்பு அந்த வட்டத்துக்கு வெளியே போவது அரிதாகவே இருந்தது. நீதிக் கட்சி ஆட்சியில் 1921-இல் பிறந்த வகுப்புவாரி அரசாணை, அதாவது பதவிகளைச் சமூகப் பிரிவுகளுக்கிடையே பங்கிட்டுத் தர வேண்டும் என்ற ஆணை, இந்த நிலையை நேரடியாக எதிர்கொண்டது. அமைச்சர் முத்தையா முதலியாரின் முயற்சியால் 1928 வாக்கில் அது செயலுக்கு வந்தபோது, ஒவ்வொரு 12 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர்க்கும் கிறித்தவர்க்கும் சேர்த்து 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு 1 என்று சுழற்சி வகுக்கப்பட்டது. யாருடைய மனு படிக்கப்படும் என்பது ஓர் அதிகாரியின் பழக்கத்துக்கு விடப்படாமல் எண்ணிக்கைக்கு உட்பட்டது அப்போதுதான்.

அதையொட்டி 1929-இல் சட்டமியற்றப்பட்டு அமைந்த மதராஸ் சர்வீஸ் கமிஷன், இந்திய மாகாணங்களில் தோன்றிய முதல் பணித் தேர்வாணையம். இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் மூதாதை. ஆணையம் கொண்டுவந்த மாற்றங்களில் வரலாற்றாசிரியர்கள் குறைவாகப் பேசுவது விண்ணப்பப் படிவத்தைப் பற்றி. அதற்கு முன் மனு என்பது கடிதம். தாலுகா அலுவலக வாசலில் அமர்ந்திருந்த மனு எழுதுபவர், ‘தங்கள் பாதம் பணிந்து’ என்ற தோரணையில் குடும்பக் கஷ்டம், வயதான பெற்றோர், திருமணமாகாத தங்கையர் என்று அடுக்கி எழுதித் தந்ததும் உண்டு. படிவம் இவை எதற்கும் இடம் வைக்கவில்லை. பெயர், பிறந்த நாள், வகுப்பு, தேறிய தேர்வு, பெற்ற மதிப்பெண் என்று கட்டங்களாக்கப்பட்ட தாளில் எல்லோரும் ஒரே கேள்விக்கு விடையளித்ததால், ஆயிரம் பேரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்ப்பது முதன்முறையாக எளிதாயிற்று. ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் தகுதியுள்ளவரும் கழிந்துபோவார் என்ற அச்சமும் அன்றே தொடங்கியது; மனு எழுதுபவரிடம் இருந்த திறன் இப்போது படிவம் நிரப்பத் தெரிந்த பக்கத்து வீட்டு அரசு ஊழியரிடம் இடம்பெயர்ந்தது.

தனியார் துறையின் கதை வேறு. சென்னையின் வணிக நிறுவனங்களிலும் பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நகரங்களிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென்னிந்தியர்க்குக் கதவைத் திறந்தவை தட்டச்சும் சுருக்கெழுத்தும். பள்ளியிறுதி முடித்த கையோடு ஊரிலுள்ள டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து, லோயர், ஹையர் என்ற இரு நிலை அரசுத் தேர்வுகளை எழுதுவது ஒரு தலைமுறையின் வழக்கமாகவே இருந்தது. இந்தத் தேர்வுகளுக்கு மற்றச் சான்றிதழ்களுக்கில்லாத ஒரு சிறப்பு உண்டு: நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதை எந்த ஊர் மேலாளரும் தம் அறையிலேயே பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். மொழியும் சாதியும் அறிமுகமும் குறுக்கிடாத திறமை ஒன்று கைவசம் இருந்ததால்தான், பம்பாய் மாதுங்காவிலோ டில்லி கரோல்பாகிலோ உறவினர் அறையில் படுக்கை போட்டுக்கொண்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறியிறங்கி வேலை பெற முடிந்தது. இங்கேயும் முன்பே அங்கு வேலையிலிருந்த அத்தான், சித்தப்பா ஆகியோர் காலியிடச் செய்தியைச் சொன்னார்கள். ஆனால் வேலையை வாங்கித் தந்தது விரல்களே.

நாளிதழ் விளம்பரம் இக்காலத்தில் முழு வளர்ச்சி பெற்றது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல், நாளிதழின் முகவரிக்கு ஒரு பெட்டி எண்ணிட்டு எழுதச் சொல்லும் விளம்பரங்கள் பெருகின. யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதப்படும் விண்ணப்பம் எல்லோருக்கும் பொருந்துவதாக அமைந்துவிடும் என்பதே இந்த முறையின் குறை. எழுதுபவர் விளம்பரத்தின் சொற்களிலிருந்தே நிறுவனத்தை ஊகித்து எழுத வேண்டியிருந்தது. சொந்தக் கையெழுத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் கேட்டதற்கும் காரணம் இருந்தது: அலுவலகப் பதிவேடுகள் கையால் எழுதப்பட்ட காலத்தில் விண்ணப்பமே வேலைக்கான மாதிரி. பின்னாளில் ‘ஹிந்து’ நாளிதழின் புதன்கிழமை வேலைவாய்ப்புப் பக்கங்களும், மத்திய அரசு 1976 முதல் வெளியிட்டுவரும் ‘எம்ப்ளாய்மெண்ட் நியூஸ்’ வார இதழும் நூலகங்களில் கைமாறிக் கைமாறிக் கிழிந்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945-இல் தொடங்கப்பட்ட அமைப்பு, பின்னர் எல்லோருக்குமாக விரிந்து, வேலைவாய்ப்பு அலுவலகம் என்று தமிழகத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் அறிமுகமாயிற்று. 1956-இல் இதன் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. 1959-இல் நிறைவேறிய சட்டம், அரசு அலுவலகங்களும், 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் தங்கள் காலியிடங்களை இந்த அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அறிவிக்கத்தான் வேண்டும், அங்கிருந்து வரும் பெயர்களிலிருந்தே எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இந்த நுட்பமான வேறுபாட்டை அறியாமலேயே இலட்சக்கணக்கானோர் பதிவு அட்டையை வேலைக்கான உறுதிச்சீட்டாகக் கருதினர்.

வேலைவாய்ப்பு அலுவலகம் வந்தபோது விண்ணப்பத்தின் வாசகர் மனிதராக இல்லாமல் வரிசையாகிவிட்டார். பதிந்த தேதியின்படி மூப்பு, அதாவது எல்லோர் வாயிலும் புழங்கிய சீனியாரிட்டி, கணக்கிடப்பட்டு, ஓர் இடத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பெயர்கள் அனுப்பப்பட்டன. இந்த வரிசையில் ஒருவர் தம் முயற்சியால் செய்யக்கூடியவை மிகச் சில. தேர்வு முடிவு வந்த உடனே பதிந்துவிடுவது, ஏனெனில் ஒரு வாரத் தாமதம் பல ஆண்டுக் காத்திருப்பாக முடியலாம். மூன்றாண்டுக்கு ஒருமுறை ரின்யூவல் செய்யத் தவறாமலிருப்பது, ஏனெனில் தவறினால் பழைய தேதி போய்விடும். தட்டச்சோ ஆசிரியர் பயிற்சியோ முடித்தால் அதையும் கூடுதல் தகுதியாகச் சேர்ப்பது. வீடு மாறினால் முகவரியைத் திருத்துவது. இந்த நான்கில் கடைசியைப் புறக்கணித்ததால் நேர்முகக் கடிதம் பழைய முகவரிக்குப் போய் வீணானது உண்டு. திறமையைக் கூட்டிக்கொள்வதைவிடத் தேதியைக் காத்துக்கொள்வதே பெரிதாகிவிட்ட இந்த ஏற்பாடு நியாயமானதா என்ற கேள்விக்கு விடை சொல்வது கடினம்: சிபாரிசு இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு அது நம்பகமானதொரு வரிசையைத் தந்தது, அதே வரிசை, நாற்பது வயதை நெருங்கும்போது வந்து சேரும் அழைப்பையும் தந்தது. வேலையில்லாப் பட்டதாரியின் அலைச்சலை மையமாக வைத்துப் இயக்குநர் பாலசந்தர் 1980-இல் எடுத்த ‘வறுமையின் நிறம் சிவப்பு’ திரைப்படம் அந்தத் தலைமுறையின் மனநிலையைப் பதிவுசெய்தது.

வரிசையின் ஏகபோகத்தை நீதிமன்றங்களே பின்னர் தளர்த்தின. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகவே ஆள் எடுக்க வேண்டும் என்று யாரையும் கட்டுப்படுத்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் விளக்கியது. அரசு நிறுவனங்கள் அந்த வழியையே கடைப்பிடிப்பதில் தவறில்லை என்றும் அப்போது கூறியது. ஆனால் 1996-இல் வேறொரு வழக்கில், அலுவலகத்திலிருந்து பெயர்களைக் கேட்பதோடு நாளிதழ்களிலும் விளம்பரம் செய்து, நேரடியாக விண்ணப்பிப்போரையும் சேர்த்தே பரிசீலிப்பது நியாயமானது என்று தீர்ப்பளித்தது. பட்டியலில் பெயர் இல்லாதவரும் அழைப்புப் பெறலாம் என்றாயிற்று. பட்டியலில் பல்லாண்டு காத்திருந்தவரின் முன்னுரிமை அந்த அளவுக்குக் கரைந்தது.

இக்காலம் முழுவதும் விண்ணப்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு வழக்கத்தையும் இங்கே குறிப்பிடலாம். சான்றிதழ்களின் நகல்கள் மூலத்துக்கு ஒத்தவை என்று கெஜட்டட் ஆபீசர், அதாவது அரசிதழில் பெயர் வெளியாகும் தகுதியுடைய அதிகாரி, பச்சை மையில் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். அதை அட்டெஸ்டேஷன் என்றனர். அதிகாரியைத் தெரிந்த ஒருவரைத் தேடி, அவர் வழியாக அதிகாரியின் ஓய்வு நேரம் அறிந்து போய் நிற்பது, சிபாரிசை ஒழித்துவிட்டதாகச் சொன்ன முறைக்குள்ளேயே ஒளிந்திருந்த சிறு சிபாரிசு. 2014 வாக்கில் மத்திய அரசு விண்ணப்பதாரரே கையெழுத்திடும் முறையை வலியுறுத்தியபின் இது பெருமளவு மறைந்தது.

தொண்ணூறுகளில் மென்பொருள் நிறுவனங்கள் பெருகியபோது பயோடேட்டா என்ற தாள் ரெஸ்யூமே ஆயிற்று. தந்தை பெயர், மதம், திருமண நிலை என்று தொடங்கிய பழைய தாள் அரசு ஊழியரின் பணிப் பதிவேட்டின் குழந்தை. செய்த வேலைகளையும் கையாண்ட கணினி மொழிகளையும் முதலில் வைத்த புதிய தாள் வேறு வகை வாசகருக்கானது. 1997-இல் சஞ்சீவ் பிக்சந்தானி நௌக்ரி டாட் காம் என்ற இணையதளத்தைத் தொடங்கினார்; அலுவலகத்துக்கு வரும் வணிக இதழைச் சக ஊழியர்கள் கடைசிப் பக்கத்திலிருந்து, அதாவது வேலை விளம்பரங்களிலிருந்து, புரட்டத் தொடங்குவதைக் கண்டதே அந்த யோசனைக்கு வித்து என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இணையதளத்தில் முதன்முறையாகத் திசை திரும்பியது: வேலை தேடுபவர் விளம்பரத்தைத் தேடியதோடு, நிறுவனமும் ரெஸ்யூமேக்களின் குவியலுக்குள் சொற்களைத் தட்டித் தேடியது. தேடிய சொல் தாளில் இல்லையென்றால் அந்தத் தாள் கண்ணுக்கே தெரியாது. அமெரிக்காவில் எண்பதுகளின் இறுதியிலேயே ரெசூமிக்ஸ் போன்ற நிறுவனங்கள் ரெஸ்யூமேக்களைக் கணினியால் படித்து வகைப்படுத்தும் மென்பொருளை உருவாக்கியிருந்தன. அதன் வழித்தோன்றல்களே இன்று பெருநிறுவனங்களின் முதல் வாசகர்கள். ஆகவே விளம்பரத்தில் உள்ள சொற்களையே, தமக்கு உண்மையில் பொருந்தும் அளவுக்கு, தாளிலும் ஆளுவது இக்கால நுட்பமாயிற்று. பெட்டி எண் விளம்பரத்தை ஊகித்து எழுதியவர் செய்ததும் ஏறத்தாழ இதுவே.

எந்திர வாசகரைத் தாண்டும் வழி மறுபடியும் அறிமுகமே. நிறுவனத்தில் பணிபுரிபவர் தமக்குத் தெரிந்தவரின் பெயரைக் கொடுத்து, அவர் வேலையில் சேர்ந்தால் ஊக்கத்தொகை பெறும் ரெஃபரல் முறை சென்னையின் மென்பொருள் நிறுவனங்களில் விதிமுறையாகவே இருக்கிறது. 2003-இல் தொடங்கப்பட்ட லிங்க்டுஇன், யார் யாரை அறிவார் என்பதை எல்லோரும் காணும்படி விரித்துவைத்தது. தியாகராச செட்டியார் செய்ததைப் போன்ற பரிந்துரைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு: செட்டியார் தம் பெயரையே பணயம் வைத்தார், இன்றைய பரிந்துரையில் பல வேளைகளில் பரிந்துரைப்பவர் அந்தத் தாளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை, அப்படிப்பட்ட பரிந்துரைக்கு நிறுவனமும் பெரிய மதிப்புத் தருவதில்லை. வேலையை நேரில் கண்டவர் எழுதும் இரண்டு வரிக்கு மதிப்பு இருப்பது மட்டும் மாறவில்லை.

அரசுத் துறையிலோ கதை எதிர்த்திசையில் சென்றது. நேர்முகத் தேர்வே சிபாரிசும் ஊழலும் நுழையும் இடம் என்ற காரணத்தால், 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் அரசிதழ் பதிவு பெறாத கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகம் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டில் குரூப் 4 பணிகளுக்கு எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, மதிப்பெண் வரிசைப்படி இடத்தைத் தேர்ந்துகொள்ளும் கலந்தாய்வு என்ற மூன்று படிகளே உள்ளன. 2018-இல் நடந்த அந்தத் தேர்வுக்கு 9,351 இடங்களுக்காக 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவர்களில் எவருடைய கையெழுத்தையும் நடையையும் யாரும் படிக்க வேண்டியிருக்கவில்லை. வட்டங்களைக் கருமையாக்கிய விடைத்தாளை எந்திரம் படித்தது.